எந்தப் பக்கத்து ரத்தம்

டாக்டர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நீங்க நைட் டியூட்டிக்குப் போனப்ப குழந்தைய யாரு பார்த்துக்கிட்டது?"

ஆவுடைத்தாய்க்கு முதலில் புரியவில்லை. குழந்தை என்று அவர் சொன்னது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாணுவை. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வகுப்பில் சுற்றுகிற ஃபேன் தன்னைப் பற்றி மற்ற பையன்களிடம் பேசுகிறது என்று சொல்லிக் கல்லூரிக்குப் போக மறுத்துவிட்டான். வீட்டு ஃபேனையும் நிறுத்தச் சொல்லி, வேர்த்து ஒழுக ஒழுக மூலையில் உட்கார்ந்திருப்பான்.

"மாமியார் பார்த்தாங்க. அவங்க இல்லாதப்ப அவனோட அப்பா" என்றாள்.

டாக்டர் தலையை ஆட்டினார். தாயின் சூடு கிடைக்க வேண்டிய வயதில் கிடைக்காமல் போனால் சில பிள்ளைகளின் மனசு பின்னால் இப்படி உடைந்துவிடும் என்று மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். நோயின் பெயர் மனச்சிதைவு என்றார். மருந்து எழுதினார். மருந்தைவிட முக்கியம் தாய் பக்கத்தில் இருப்பது, வேலையைப் பற்றி யோசித்து ஒரு முடிவெடுங்கள் என்றார். அவளுடைய கணவர் எங்கே என்று அவர் கேட்கவில்லை. தகப்பனின் சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

அந்த அறையில் நானும் இருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு வர முடியாது என்று அவள் கணவர் கோமதிநாயகம் சொல்லிவிட்டதால் நான்தான் துணைக்குப் போயிருந்தேன். இது நடந்தது 1995-ல். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு சூடாகிறது.

என் பெயர் லீலாபாய். மார்த்தாண்டம் பக்கம். ஆவுடைத்தாயும் நானும் திருவனந்தபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே பேட்ச்சில் ஆபரேட்டர்களாகச் சேர்ந்தவர்கள். அவளுடைய அப்பா அதே இலாகாவில் லைன்மேன். தென்காசியிலிருந்து வேலைக்கு வந்து கரமனையில் குடியேறியவர். எனவே அவள் பிறந்ததே இங்கேதான். தமிழும் மலையாளமும் சமமாக வரும். போர்டுக்கு முன்னால் தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அவள் குரலே மாறிவிடும். வளைகுடாவில் இருக்கும் புருஷனுக்கு கால் புக் பண்ணிவிட்டு, லைன் கிடைக்காமல் அழுகிற பெண்களை அவள்தான் சமாதானப்படுத்துவாள். "சேச்சி, வெச்சிட்டுப் போகாதீங்க, நான் விடாம முயற்சி பண்றேன்" என்பாள். விடமாட்டாள். எங்கள் சூப்பர்வைசர் கஷ்டமான கால்களையெல்லாம் அவள் போர்டுக்குத்தான் தள்ளிவிடுவார்.

கோமதிநாயகம் அவளைக் கட்டியதே அந்த வேலைக்காகத்தான். அவருடைய பூர்வீகம் அம்பாசமுத்திரம். சாலைக் கடைத்தெருவில் குடையும் தோல்பையும் விற்கிற கடை. மழை வந்தால் வியாபாரம், இல்லாவிட்டால் பேப்பர் படிப்பு. வலியசாலையில் வாடகை வீடு. பெண் பார்க்க வந்தபோது அவருடைய அக்கா மாடம்மாள் முதலில் விசாரித்தது, வேலை நிரந்தரமா என்பதைத்தான். கல்யாணத்துக்குப் பிறகு இருபது வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது ஆவுடைத்தாயின் சம்பளத்தில். நைட் டியூட்டி போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்று அவளை நைட் டியூட்டி கேட்டு வாங்கச் சொன்னதும் கோமதிநாயகம்தான்.

அந்த மனிதர்தான் டாக்டர் சொன்னதைக் கேட்டதும் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார்.

மாடம்மாள் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள். "பெத்தா மட்டும் போதுமா ஆவுடை? வளக்க வேண்டாமா? போன்ல ஊர்க்காரன்கிட்டயெல்லாம் பேசிட்டு இருந்தியே, பெத்த பிள்ளைகிட்ட பேசினியா?" என்று கேட்டாள். தாணு அடுத்த அறையில் இருக்கிறான் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை.

அடுத்த வருஷம் ஆவுடைத்தாய் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். நான் எவ்வளவோ சொன்னேன். லீவு போடு, டே டியூட்டி கேட்டு வாங்கு, வேலையை விடாதே என்றேன். "என்னாலதான் இவன் இப்படி ஆனாம்னா, நான் எப்படி லீலா அந்தப் போர்டுல போய் உக்காருவேன்?" என்றாள். கடைசி நாள் நாங்கள் பாயசம் வைத்தோம். அவள் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

வேலையை விட்ட பிறகு அவள் செய்த தவத்தை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரையை விழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒளித்தானா என்று பார்ப்பது. அவன் நடந்தால் கூடவே நடப்பது. மாத்திரையினால் கை நடுங்கும்போது சோற்றைப் பிசைந்து கொடுப்பது. அவனோடு பேசிப் பேசி, அந்தச் சத்தங்கள் கேட்கும்போது அவனாகவே, "அம்மா, தொடங்கிருச்சு" என்று சொல்லும் அளவுக்குக் கொண்டுவந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தான். ஆனால் முழுசாகத் தெளியவில்லை. ஒவ்வொரு தடவை அவனுக்கு நோய் கூடும்போதும் அவள் தன் கணக்கில் ஒரு குற்றத்தைச் சேர்த்துக்கொண்டாள். அவன் தவழ்ந்த வயதில் ஒரு நாள் அவன் அழ அழ டியூட்டிக்குப் போனதை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்.

கடைக்குத் தாணு வரக்கூடாது என்பது கோமதிநாயகத்தின் உத்தரவு. வாடிக்கைக்காரர்கள் பயப்படுவார்களாம்.

2001-ல் டாக்டர் ராகேல் வந்தார். மருத்துவம் படித்த டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். பாறசாலைக்காரி, வெளிநாட்டில் நடத்தை மரபியல் படித்துவிட்டு இங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மனிதர்களின் குணமும் மனநோயும் எவ்வளவு பிறவியோடு வருகிறது, எவ்வளவு வாழ்கிற சூழலால் வருகிறது என்று பார்ப்பது அவருடைய படிப்பு. தாணு மருந்து வாங்குகிற அரசு ஆஸ்பத்திரி வழியாகக் குடும்பங்களைத் தேடி வந்தார். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுக்க வேண்டும், இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா என்று கேட்க வேண்டும். விருப்பம் இருந்தால் மட்டும்.

அவர் வலியசாலை வீட்டுக்கு வந்த அன்று ஆவுடைத்தாய் என்னையும் வரச் சொல்லியிருந்தாள்.

"உங்க பக்கம் யாராவது உண்டாக்கா?" என்று ராகேல் கேட்டார்.

"உண்டு" என்றாள் ஆவுடைத்தாய் ஒளிக்காமல். "என் தம்பி இசக்கி. இருபத்திரெண்டு வயசுல வீட்ட விட்டுப் போயிட்டான். கண்டுபிடிச்சு ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரில சேத்தோம். ரெண்டு மாசம் இருந்தான். இப்ப நெடுமங்காட்டுல சாயாக்கடை வச்சிருக்கான். கல்யாணம் கழிஞ்சு ரெண்டு பிள்ளைங்க."

ராகேல் எழுதிக்கொண்டு, "சாரோட பக்கம்?" என்று கோமதிநாயகத்தைப் பார்த்தார்.

"எங்க பக்கம் அப்படி ஒருத்தரும் கெடையாது" என்றார் அவர். சொல்லிவிட்டு ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரத்தம் எடுக்க அவர் கையை நீட்டவில்லை. ஊசி தனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். அவளும் தாணுவும் பூமாரியும் கொடுத்தார்கள். பூமாரி அவள் மகள், தாணுவுக்கு இளையவள், அப்போது கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது ஆவுடைத்தாய் வாசல்வரை போனாள். மெதுவாகக் கேட்டாள்: "நான் நைட் டியூட்டிக்குப் போனதாலதான் இவனுக்கு இது வந்துதுன்னு டாக்டர் சொன்னாரு. அது எவ்வளவு சதவீதம் இருக்கும்?"

ராகேல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாருக்கா அப்படிச் சொன்னது? தாய் வேலைக்குப் போறதால இந்த நோய் வராது. தாய் வேலைக்குப் போகாம இருந்தாலும் வராம நிக்காது. அந்தக் கதையெல்லாம் எப்பவோ தள்ளியாச்சு. ஒரே மாதிரி ஜீன் உள்ள இரட்டைப் பிள்ளைங்கள எடுத்துப் பார்த்தாச்சு, தத்துக் கொடுத்த பிள்ளைங்களப் பார்த்தாச்சு. பிறவியில கொஞ்சம் வருது. அது ஒரு ஜீன் இல்ல, கொறே, நெறைய ஜீன் சேர்ந்து. ஆனா இரட்டையில ஒருத்தருக்கு வந்தா மத்தவருக்குப் பாதி நேரம் வராது. அப்ப மிச்சம் என்னன்னா, அது எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாது. உங்க வளர்ப்பு இல்லக்கா. அது மட்டும் உறப்பு, நிச்சயம்."

ஆவுடைத்தாய் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.

"அப்ப என் வேலை?" என்றாள் என்னைப் பார்த்து.

அடுத்த வாரம் பழைய டாக்டரின் க்ளினிக்குக்குப் போனாள். நோயாளிகளோடு நோயாளியாக டோக்கன் எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். நானும் உடன் இருந்தேன். உள்ளே கூப்பிட்டதும் உட்காரவில்லை. தாணு எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டார்.

"நீங்கதான் என்னை வேலைய விடச் சொன்னீங்க. தாயோட குறைன்னு சொன்னீங்க. அது தப்புன்னு இப்ப சொல்றாங்களே டாக்டர்."

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அது பழகிய சிரிப்பு. "நாங்க படிச்ச காலத்துல அப்படித்தான் இருந்தது. அறிவு மாறிட்டே இருக்குமில்லையா? அதையெல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது."

"நீங்க படிச்சது மாறிப்போச்சு. உங்க வேலை மாறலயே. என் வேலைதானே போச்சு?"

"வேலைய விடுங்கன்னு நான் நிர்ப்பந்திக்கலையே. யோசிக்கத்தானே சொன்னேன்?"

ஆவுடைத்தாய் வெளியே வந்து டோக்கனைக் கவுண்டரில் வைத்துவிட்டு நடந்தாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். பஸ் வந்தபோது, "ஒரு 'தப்பாச்சு' சொல்லலையே லீலா. ஒரு வாய் வார்த்தை" என்றாள்.

இத்தோடு அவள்மேல் இருந்த பழி இறங்கியிருக்க வேண்டும். நியாயம் அதுதான். ஆனால் அந்த வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

பிறவியில் கொஞ்சம் வருகிறது என்று ராகேல் சொன்னது கோமதிநாயகத்தின் காதிலும் விழுந்திருந்தது. மற்ற எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அந்த ஒற்றை வார்த்தையை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்தார். மாடம்மாள் அடுத்த முறை வந்தபோது வளர்ப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

"ரத்தத்துல இருந்து வருதாமே. அப்ப உன் தம்பிகிட்ட இருந்துதான வந்திருக்கு? இதச் சொல்லாம எங்க தலையில கட்டி வச்சிட்டாரே உங்கப்பா" என்றாள்.

நேற்றுவரை அவள் வளர்த்த குற்றம். இன்றுமுதல் அவள் பிறந்த குற்றம். ராகேலிடம் உண்மையைச் சொன்னாளே, அதற்குக் கிடைத்த கூலி இது. சொந்தக்காரர் ஒவ்வொருவர் வீட்டிலும் கல்யாணத்திலும் காதுகுத்திலும் கோமதிநாயகம் இதைச் சொல்லிவைத்தார்: ஒரு பெரிய ஆராய்ச்சி டாக்டரே வந்து பார்த்துவிட்டுச் சொன்னார், நோய் அவள் பக்கத்தது என்று. ராகேல் அப்படிச் சொல்லவே இல்லை.

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவள்மேலேயே கோபம் வந்தது. "வாயத் திறந்தா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன். "திறந்தா அடங்காது லீலா" என்று மட்டும் சொன்னாள். அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

2003-ல் பூமாரிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நாகர்கோவில் பையன், பேங்க் வேலை. பெண் பார்க்க வருகிற அன்று காலையிலேயே தாணுவை என் வீட்டுக்கு அனுப்பிவைத்தார் கோமதிநாயகம். வருகிறவர்கள் கண்ணில் அவன் படக்கூடாதாம். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்த தாணு, "எனக்குத் தெரியும் ஆன்ட்டி, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். அவனை அங்கே விட்டுவிட்டு நான் வலியசாலைக்குப் போனேன். ஆவுடைத்தாய் சமையலறையில் நின்றாள். காபியை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பையனின் அப்பா, அம்மா, தாய்மாமா. எதிரே கோமதிநாயகமும் மாடம்மாளும். பூமாரி வந்து உட்கார்ந்திருந்தாள். தாய்மாமாதான் பேச்சை எடுத்தார். பெண்ணின் அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டதாகவும், தங்களுக்கு ஒன்றுமில்லை, ஆனால் நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள் என்றும் சொன்னார்.

"உங்க குடும்பத்த ஒரு டாக்டரம்மா டெஸ்ட் பண்ணிருக்காங்களாமே. பொண்ணுக்கு அந்த ரத்தம் இல்லன்னு அவங்ககிட்ட ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தந்துட்டா முடிஞ்சுது."

சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் ஒரு பெண்ணை உட்காரவைத்து அவள் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பெற்றவர் எழுந்து வாசலைக் காட்டியிருக்க வேண்டாமா?

"அதுக்கென்ன, வாங்கிட்டாப் போச்சு" என்றார் கோமதிநாயகம். "எங்க பரம்பரையில அந்தக் கோளாறே கெடையாது. இது இவ பக்கத்துல இருந்து வந்தது. பையன் இவ தம்பி மாதிரி. பொண்ணு எங்க பக்கம்."

"எங்க அம்மைய உரிச்சு வச்சிருக்கா" என்றாள் மாடம்மாள்.

ஆவுடைத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் பேசியது போர்டில் பேசுகிற குரலில். சத்தமே இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது.

"கல்யாணமான புதுசுல என்னை அம்பாசமுத்திரம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பின்கட்டுல ஒரு ரூம். சோத்துத் தட்டக் கொண்டு வச்சிட்டு வான்னு அத்தை சொன்னாங்க. போனேன். உள்ள ஒரு பெரியவர். இவரோட அப்பாவுக்கு அண்ணன். கணுக்கால்ல சங்கிலி. நகமெல்லாம் வளஞ்சு கெடந்துது. செவத்தப் பாத்துப் பேசிட்டு இருந்தாரு. நான் வந்தது அவருக்குத் தெரியாது. வாதக் கோளாறு, வெளிய சொல்லாதேன்னு இவரு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. அடுத்த தடவ போனப்ப அந்த ரூம்ல வைக்கோல் அடச்சிருந்துது. எப்ப செத்தாரு, எப்படிச் செத்தாருன்னு இன்னைக்குவரை யாரும் எனக்குச் சொல்லல."

"ஆவுடை, வாய மூடு" என்றார் கோமதிநாயகம்.

"இருபத்தெட்டு வருஷமா மூடிட்டுத்தான இருந்தேன்? என் தம்பியப் பத்தி நான் மறைக்கல. அவன நாங்க கட்டிப் போடல, ஆஸ்பத்திரில சேத்தோம். பொழச்சு வந்து கடை நடத்துறான். உங்க பெரியப்பாவ இருட்டுல போட்டுச் சாகடிச்சிட்டு, எங்க பரம்பர சுத்தம்ங்கிறீங்க." பிறகு தாய்மாமாவைப் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் உண்டு. எம்மகளுக்கு ஒரு கொறையும் இல்ல. சர்ட்டிபிகேட் தர மாட்டோம். உங்க வீட்லயும் பின்கட்டு இருக்கும், போய்ப் பாருங்க."

மாடம்மாள் எழுந்து கத்தினாள். பொய்க்காரி, குடியைக் கெடுக்க வந்தவள் என்றாள். ஆனால் அப்படி ஒருவர் இருக்கவில்லை என்று மட்டும் அவள் வாயில் வரவில்லை. அதை அங்கிருந்த எல்லோரும் கவனித்தார்கள். நாகர்கோவில்காரர்கள் காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு பூமாரி அம்மாவிடம்தான் வந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு மலையாளம்தான் வரும். "மதி அம்மா" என்றாள். போதும் என்று அர்த்தம். "அந்த வீட்டுக்குப் போக எனக்கும் இஷ்டமில்ல. ஆனா இத நீ முதல்ல எங்கிட்டச் சொல்லிருக்கணும். எல்லாரு முன்னாடியும் நானும் புதுசாக் கேட்கிற மாதிரி ஆச்சு. என் உடம்புதானே அது?"

அது ஒன்றுதான் அன்று அவள்மேல் வந்த நியாயமான புகார். "ஆமாட்டி" என்றாள் ஆவுடைத்தாய்.

சில நாள் கழித்து ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனோம். பெரியப்பாவைப் பற்றி ராகேலிடம் சொன்னாள். அவர் அந்த வீட்டுக் குறிப்பை எடுத்து எழுதிக்கொண்டார்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததுதான் அக்கா. கொறே வீட்டில இப்படித்தான் வருது. அம்மா பக்கம் 'உண்டு', அப்பா பக்கம் 'இல்ல'. இவ்வளவு வித்தியாசம் வர ஞாயம் இல்லியேன்னு நினைச்சேன்."

"நினைச்சிட்டு என்ன செஞ்சீங்க?"

"போன வருஷம் ஒரு மாநாட்டில அந்தக் கணக்க வாசிச்சேன்" என்றார் ராகேல். "தாய்வழி கூடுதலாத் தெரியுதுன்னு. இன்னும் உறுதியில்லன்னும் சொன்னேன்."

ஆவுடைத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நீங்க உறுதியில்லன்னு சொன்னத யாரு டாக்டர் கேட்கப் போறா? தாய்வழிங்கிறது மட்டும்தான் எல்லாரு காதுலயும் நிக்கும். ஒரு டாக்டர் என் டியூட்டியச் சொன்னாரு. நீங்க என் ரத்தத்தச் சொல்லிட்டீங்க. உண்மையச் சொன்ன பொம்பளைங்க எல்லாரும் குத்தவாளி. பொய் சொன்ன ஆம்பளைங்க எல்லாரும் சுத்தம். நல்ல ஆராய்ச்சி."

ராகேல் தன்னைக் காத்துப் பேசவில்லை. நீங்கள் சொல்வது சரி என்றும் உடனே சொல்லிவிடவில்லை. ஒரு வீட்டை வைத்து எதையும் மாற்ற முடியாது, எல்லா வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும் என்றார். மெய்யாகவே போனார். அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். இரண்டு பக்கத்திலும் மூத்த சொந்தக்காரர்களைத் தேடிப் போனார். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். எங்களை நம்பாமல் மறுபடி வந்தாயா என்று ஒருவர் கையை ஓங்கினாராம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் பிடித்தது. கடைசியில் அந்த வித்தியாசம் கரைந்துபோய்விட்டது என்று ஆவுடைத்தாய்க்குப் போன் பண்ணிச் சொன்னார். முன்பு வாசித்தது தவறு என்று அதே மாநாட்டில் வாசித்துவிட்டேன் என்றும் சொன்னார்.

"அவங்களாவது சொன்னாங்க" என்றாள் ஆவுடைத்தாய். அதற்கு மேல் பாராட்டவில்லை.

சொந்தக்காரர்களுக்கு எந்த மாநாடும் எட்டவில்லை. வளர்ப்பும் போய், ரத்தமும் போய், இப்போது வேறு பேச்சு. வாய்த்துடுக்கால் பெற்ற மகளின் சம்பந்தத்தைக் கெடுத்தவள். அந்தப் பெரியவரைச் சங்கிலியில் கட்டிய குடும்பத்துக்கு ஒரு கெட்ட பேரும் இல்லை. மாடம்மாள் இன்றும் அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்காருகிறாள். கோமதிநாயகம், அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மனைவியோடு மாதக்கணக்கில் பேசவில்லை. பெரியப்பாவைப் பற்றி மகள் நேராகக் கேட்டபோது, "பழைய காலத்துல எல்லா வீட்லயும் நடந்ததுதான்" என்றார்.

பூமாரி கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து அங்கேயே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அண்ணனைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், வருகிறவனிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் காபியே குடிப்பேன் என்கிறாள். தாணுவுக்கு கரமனையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. மலையாளம், தமிழ் இரண்டிலும் அடிப்பான். காலையில் மட்டும்; மத்தியானத்துக்கு மேல் மாத்திரை அசத்திவிடும்.

ஆவுடைத்தாய் மறுபடி வேலைக்குப் போனாள். இலாகாவில் திரும்ப எடுக்க மாட்டார்கள், தெரிந்ததுதான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நான்தான் சொன்னேன். "இந்த வயசுலயா?" என்று கோமதிநாயகம் கேட்டார். "இந்த வயசுலதான்" என்றாள். நைட் டியூட்டியும் பார்க்கிறாள்.

2006 மழையில் தாணுவுக்கு மறுபடி கூடியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் லீவு போட்டுக் கூடவே இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் தனியாக விடக்கூடாது என்றார் டாக்டர். லீவு தீர்ந்திருந்தது. முன்பென்றால் வேலையை எறிந்திருப்பாள். இந்தத் தடவை புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கோமதிநாயகம் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் டியூட்டிக்குப் போறேன். இன்னைக்குக் கடை வேண்டாம். பிள்ளையப் பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானம் போர்டிலிருந்தே எனக்குப் போன் பண்ணினாள். வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாளாம். அவர் கடையைத் திறக்கவில்லை. கஞ்சி வைத்திருக்கிறார். உப்புப் போட மறந்துவிட்டாராம். தாணு குடித்துவிட்டுத் தூங்குகிறான்.

"நல்லதுதானே?" என்றேன்.

"முப்பது வருஷம் கழிச்சு ஒரு சட்டி கஞ்சி" என்றாள் ஆவுடைத்தாய். "அத அவரு எங்கிட்ட எவ்வளவு பெருமையாச் சொல்றாருங்கிற? நான் சந்தோஷப்படணும்னு எதிர்பாக்காரு." போர்டில் இன்னொரு லைன் வந்தது. "வச்சிரு லீலா, கால் வருது" என்றாள்.